சூரியனின் படங்களும் குகையின் இருளும்

கொடைக்கானலில் சூரியனைப் படம்பிடிக்கும் வேலை 1904-இல் முறையாகத் தொடங்கியது. 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழை பொய்ப்பதற்கும் சூரியப் புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டா என்று அரசாங்கமே கேட்கத் தொடங்கியது. அதற்குத் தெளிந்த வானமுள்ள ஓர் உயரம் தேவைப்பட்டது. மதராஸ் வானாய்வகத்தின் பணிகள் பழநி மலைமேல் 2,300 மீட்டருக்கும் அதிகமான உயரத்துக்கு வந்துசேர, 1899-இல் கொடைக்கானல் ஆய்வகம் எழுந்தது. மேகம் வழிவிட்ட நாளிலெல்லாம் அங்கே சூரியன் கண்ணாடித் தகட்டில் பதிவானது. 1907 முதல் கால்சியம் ஒளியில், 1912 முதல் ஹைட்ரஜன் ஒளியில் என்று தகடுகளின் வகையும் பெருகியது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது இங்கேதான். இரண்டு உலகப் போர்கள் வந்தன, ஆட்சி மாறியது, ஆய்வகத்தின் மேலாண்மை மாறியது. தகடுகள் தேதியோடும் எண்ணோடும் அலமாரியில் இருந்தன. இன்று அவை இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளன. லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எண்முறைக்கு மாற்றப்பட்டு, உலகின் எந்த மூலையிலிருந்தும் ஓர் ஆய்வாளர் நூறாண்டுக்கு முந்தைய சூரியனை எடுத்துப் பார்க்க முடிகிறது.

அதே மலையில், தூண் பாறையை ஒட்டிப் பெரும்பாறைகளுக்கு இடையே பிளந்து கிடக்கும் ஆழமான குகைகள் இருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் அந்த இடத்தைப் பிசாசின் சமையலறை என்றார்கள். 1991 தீபாவளிக்கு வந்த 'குணா' படத்துக்குப் பிறகு அது குணா குகை ஆகிவிட்டது. சந்தானபாரதி இயக்கம், வேணு ஒளிப்பதிவு, இளையராஜா இசை, கமல்ஹாசன் நடிப்பு. கருவிகளையும் விளக்குகளையும் அந்தப் பள்ளத்துக்குள் இறக்கி எடுத்த காட்சிகளில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. சூரியனின் படங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு இந்த இருளின் படங்களுக்குக் கிடைத்ததா? இந்தக் கேள்வி 'குணா'வோடு முடிவதும் இல்லை. இருளையே மூலப்பொருளாகக் கொண்ட படங்கள், குறிப்பாக மேலை நாட்டின் பழைய ரத்தக் காட்டேரிப் படங்கள், எப்படி அழிந்தன, எப்படி மீண்டன, எப்படி இன்று வீட்டுத் திரையில் புத்தம்புதிதாக ஒளிர்கின்றன என்ற வரலாற்றை அருகில் வைத்துப் பார்த்தால், நம் படங்களுக்கு நேர்ந்ததன் காரணம் தெளிவாகும். ஒரு படம் நிலைப்பதையும் அழிவதையும் தட்பவெப்பமோ ரசாயனமோ முதலில் தீர்மானிப்பதில்லை. அது யார் கையில் இருந்தது, அந்தக் கைக்கு அதைக் காக்கும் கடமை இருந்ததா என்பதே தீர்மானிக்கிறது. இதுவே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதல் சாட்சி ஜெர்மனியிலிருந்து வருகிறது. எஃப்.டபிள்யூ. முர்னாவ் இயக்கிய 'நோஸ்ஃபெராட்டு' 1922 மார்ச்சில் பெர்லினில் திரையிடப்பட்டது. பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய 'டிராகுலா' நாவலை அனுமதி பெறாமல் எடுத்துக்கொண்டு, பாத்திரங்களின் பெயரை மாற்றி எடுத்த படம் அது. ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குத் தொடுத்தார். படத்தைத் தயாரித்த பிராணா நிறுவனம் அதற்குள் திவாலாகிவிட்டது. பணமாக எதுவும் தேறாது என்ற நிலையில், 1925-இல் நீதிமன்றம் நெகட்டிவையும் பிரதிகளையும் அழிக்க ஆணையிட்டது. சட்டத்தின் கண்ணில் அந்தப் படம் அன்றோடு செத்துப்போயிருக்க வேண்டும். ஆனால் பிரதிகள் அதற்குள் பல நாடுகளுக்குப் போய்விட்டன. அங்கங்கே சேகரிப்பாளர்களிடமும் காப்பகங்களிடமும் தங்கியவை எழுபது, எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டு, துண்டு துண்டாக ஒட்டப்பட்டன. 2005-06-இல் முர்னாவ் அறக்கட்டளைக்காக லூசியானோ பெரியாத்துவா செய்த மீட்பில், பிரான்ஸின் திரைப்படக் காப்பகத்தில் இருந்த சாயம் தோய்ந்த பழைய பிரதி ஒன்று அடிப்படையாயிற்று.

அந்தச் சாயத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மௌனப் படக் காலத்தில் இரவுக் காட்சிகளைப் பெரும்பாலும் பகலில்தான் எடுத்தார்கள். அன்றைய ஃபிலிமுக்கு இரவின் வெளிச்சம் போதாது. பிறகு அந்தப் பகுதியின் பிரதியை நீலச் சாயத்தில் தோய்த்தால் பார்ப்பவர்களுக்கு அது இரவு. அறைக்குள் விளக்கொளி என்றால் மஞ்சள், விடியல் என்றால் இளஞ்சிவப்பு. பல பத்தாண்டுகள் 'நோஸ்ஃபெராட்டு' சாயமில்லாத கறுப்பு வெள்ளைப் பிரதிகளாகவே சுற்றியது. அவற்றில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடக்கும் பிசாசு பட்டப்பகலில் நடப்பதாகத் தெரிந்தது. இந்தப் படத்தின் முடிவோ, அதிகாலைச் சூரியனின் ஒளி பட்டு அந்தப் பிசாசு கரைந்துபோவது. ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பகலிலும் வெளியே வருவான், அவன் வலிமை மட்டும் குறைந்திருக்கும். வெயில் பட்டால் சாவு என்பது இந்தப் படம் உண்டாக்கியது. அப்படியிருக்க, இரவும் பகலும் ஒன்றாகத் தெரியும் பிரதியில் கதையின் அடித்தளமே இடிந்துவிடுகிறது. ஒரு தலைமுறையே இந்தப் படத்தைப் பழைய காலத்துக் கோமாளித்தனமாக நினைத்ததற்கு இந்தக் குறைபட்ட பிரதிகளும் காரணம் என்று நான் எண்ணுகிறேன். மீட்பு என்பது கீறலைத் துடைக்கும் வேலை மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு படத்தின் இரண்டு பிரதிகளை அடுத்தடுத்துப் பார்த்தால் போதும்.

இரண்டாவது சாட்சி நம் தெற்கிலிருந்து. நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தரராஜ் தயாரிக்க, பி.வி. ராவ் இயக்கிய 'மார்த்தாண்ட வர்மா' 1933-இல் திருவனந்தபுரத்தில் வெளியான மௌனப் படம். நாகர்கோவில் அன்று திருவிதாங்கூரில் இருந்தது. சி.வி. ராமன் பிள்ளையின் 1891-ஆம் ஆண்டு நாவல்தான் கதை. நாவலின் உரிமையை வைத்திருந்த கமலாலயா புத்தக டிப்போ தன் அனுமதியில்லாமல் படம் எடுக்கப்பட்டதாக வழக்குப் போட்டது. திரையிடல் நின்றது, பிரதி பறிமுதலாயிற்று, தயாரிப்பாளர் நொடித்துப்போனார். வழக்கின் அமைப்பு 'நோஸ்ஃபெராட்டு' வழக்கின் அமைப்புதான்: நாவல், அனுமதியின்மை, நீதிமன்றம். ஆனால் முடிவு நேர் எதிராக வந்தது. பறிமுதலான ரீல்கள் புத்தக டிப்போவிலேயே நாற்பது ஆண்டுகள் கிடந்தன. 1974-இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகம், அங்கிருந்த பி.கே. நாயரின் முயற்சியில், அவற்றைப் பெற்றது. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்றில்லை. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' இல்லை. தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' இல்லை. வழக்கில் தோற்று, எதிராளியின் கிடங்கில் அடைபட்ட 'மார்த்தாண்ட வர்மா' இருக்கிறது. திரையரங்கு திரையரங்காக ஓடித் தேய்ந்திருந்தால் அதுவும் போயிருக்கும். ஒருவர் தன் உடைமை என்று பூட்டி வைத்ததால் பிழைத்தது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். தமிழ்நாட்டின் வெயிலும் ஈரக்காற்றும் படச்சுருளுக்கு எதிரி, ஐரோப்பாவின் குளிர் அதற்கு நண்பன், ஆகவே அங்கே மிஞ்சியது இங்கே மிஞ்சவில்லை என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1950-களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் ஃபிலிம் வெப்பத்தில் சிதைந்து பொடியாகும், தானே தீப்பற்றும். 2003 ஜனவரியில் புனேயில் பிடித்த தீயில் நைட்ரேட் ரீல்கள் பெருமளவில் எரிந்தன. அதற்குப் பின் வந்த அசிடேட் ஃபிலிம் எளிதில் தீப்பற்றாது; ஆனால் ஈரப்பதத்தில் புளித்து, காடி நாற்றம் வீசி, சுருங்கி நெளிந்துவிடும். வண்ணப் படங்களில் நீலமும் பச்சையும் வெளிறிச் செம்மை மட்டும் மிஞ்சும். இவை எல்லாம் நடப்பவை. ஆனால் கொடைக்கானல் ஆய்வகமும் மழையும் பனிமூட்டமும் பூஞ்சையும் உள்ள இடத்தில்தான் இருக்கிறது. கண்ணாடித் தகட்டுக்கு ஃபிலிமைவிட ஆயுள் அதிகம் என்பதை ஒப்புக்கொண்டாலும், உடையக்கூடிய ஆயிரமாயிரம் தகடுகள் நூறாண்டுக்கு மேல் வரிசை குலையாமல் இருந்ததற்குக் கண்ணாடியின் குணம் விளக்கமாகாது. ஒவ்வொரு தகட்டையும் யார் எடுத்தார், எப்போது எடுத்தார், எங்கே வைத்தார் என்று எழுதி வைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. அடுத்து வந்தவர் அதை எண்ணிப் பெற்றுக்கொண்டார். தலைகீழாகவும் பாருங்கள்: குளிர்ந்த பெர்லினில் 'நோஸ்ஃபெராட்டு'வை அழித்தது நீதிமன்றம், வெக்கையான திருவனந்தபுரத்தில், அதுவும் நைட்ரேட் காலத்து ரீல்கள், நாற்பது ஆண்டுகள் தாங்கின. தட்பவெப்பம் அழிவின் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். கவனிக்க ஆளிருந்தால் அந்த வேகத்தோடு போட்டிபோட முடியும்.

நம் படத்தொழிலில் கவனிக்க ஆள் ஏன் இல்லாமல் போயிற்று என்பதற்குத் தொழிலின் கணக்குவழக்கில்தான் விடை இருக்கிறது. ஸ்டூடியோக்கள் மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் படம் எடுத்த காலம் 1960-களோடு தேய்ந்தது. பிறகு வந்த தயாரிப்பாளர் பெரும்பாலும் ஃபைனான்சியரிடம் வட்டிக்கு வாங்கிப் படம் எடுத்தார், நெகட்டிவ்தான் ஈடு. லேப் லெட்டர் என்ற கடிதத்தின் மூலம், கடன் தீராமல் பிரிண்ட் போடக் கூடாது என்று லேப் கட்டுப்பட்டிருக்கும். ஆகவே நெகட்டிவ் தயாரிப்பாளர் வீட்டுக்கு வராது, லேபிலேயே கிடக்கும். படம் ஓடும் வரை அதன் மேல் பலருக்கும் கண். ஓட்டம் முடிந்ததும், ஏரியா உரிமை ஒருவருக்கு, தொலைக்காட்சி உரிமை ஒருவருக்கு, வீடியோ உரிமை வேறொருவருக்கு, நெகட்டிவ் உரிமை கைமாறிக் கைமாறி யாரோ ஒருவருக்கு என்று படம் காகிதத்தில் சிதறிப்போகும். கிடங்கு வாடகை கட்ட யாரும் வரமாட்டார்கள். கறுப்பு வெள்ளை ரீல்களை அதிலுள்ள வெள்ளிக்காகக் கழுவி விற்றவர்களும் உண்டு. 2010-களில் எண்முறை வந்து ஃபிலிம் லேப்கள் ஒவ்வொன்றாக மூடியபோது, கேட்பாரற்ற பெட்டிகளின் கதி என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பாலு மகேந்திரா தன் இறுதி ஆண்டுகளில் தான் எடுத்த படங்களின் நெகட்டிவ்கள் அழிந்துவிட்டதைச் சொல்லி, தமிழுக்கு ஒரு திரைப்படக் காப்பகம் வேண்டுமென்று மேடைதோறும் மன்றாடினார். தேசிய விருது பெற்ற 'வீடு' அவர் பட்டியலில் இருந்தது. விருதும் புகழும் ஒரு நெகட்டிவைக் காக்காது என்பதற்கு அதைவிடத் துயரமான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் படங்கள்தான் வீட்டிலேயே கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். கேபிள் தொலைக்காட்சியில் வந்தது, வீடியோ கேசட்டில் வந்தது, விசிடியில் வந்தது, இப்போது கைபேசியில் வருகிறது. மக்கள் பார்த்து ரசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், நெகட்டிவை நினைத்து ஏன் அழ வேண்டும்? இந்தக் கேள்விக்குக் குகையும் காட்டேரியும் சரியான பதில் சொல்லும். பழைய வீடியோப் பிரதிகளில் முதலில் சாவது இருள். ஃபிலிமில் கருமைக்குள்ளேயே பல படிகள் உண்டு: பாறையின் கருமை, ஈரத்தின் கருமை, மனிதன் நின்றிருக்கும் மூலையின் கருமை. ஒளிப்பதிவாளர் அந்தப் படிகளில்தான் தன் வேலையைச் செய்கிறார். டெலிசினி முறையில் ஃபிலிமை வீடியோவாக்கிச் சிறிய கொள்ளளவுக்குச் சுருக்கும்போது அந்தப் படிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சாம்பல் நிறச் சதுரங்களாகிவிடும். அகலத் திரைக்கு எடுத்ததைத் தொலைக்காட்சிச் சட்டத்துக்கு வெட்டினால் இரண்டு பக்கமும் போய்விடும். வயலும் வெயிலுமாக எடுத்த படம் இந்த அடியைத் தாங்கிக்கொள்ளும். குகைக்குள் எடுத்த படம் தாங்காது. 'குணா'வின் அபிராமியும் குணாவும் ஒளிந்திருக்கும் அந்தப் பள்ளத்தை வீடியோப் பிரதியில் பார்த்தவருக்குக் கதை தெரிந்திருக்கும், பாட்டு தெரிந்திருக்கும்; அந்த இடத்தின் ஆழம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. திரையரங்கிலிருந்து படம் எடுக்கப்பட்ட பிறகு பிறந்த தலைமுறைக்கு வீட்டுப் பிரதிதான் படம். அது குறைபட்டால் படமே அவர்களுக்குக் குறைபட்டதுதான்.

மேலை நாட்டில் வீட்டுப் பார்வைக்கான பதிப்பை ஒரு பழைய நூலின் செம்பதிப்பைப் போல நடத்துகிறார்கள். எந்தக் காப்பகத்தின் எந்தப் பிரதி, எந்த ரீல் எங்கிருந்து வந்தது, எது கிடைக்கவில்லை என்று உடன் வரும் கையேட்டில் சொல்லப்படுகிறது. 1931-இல் ஹாலிவுட்டில் பெலா லுகோசி நடித்த 'டிராகுலா'வின் அதே அரங்குகளில், இரவு நேரத்தில், வேறு நடிகர்களோடு ஸ்பானிய மொழியில் இன்னொரு 'டிராகுலா' எடுத்தார்கள். அதன் ஒரு ரீல் அமெரிக்காவில் கெட்டுப்போயிருந்தது. கியூபாவில் இருந்த பிரதியிலிருந்து அதை நிரப்பி 1992-இல் வீடியோவாக வெளியிட்டார்கள். 1958-இல் ஹாமர் நிறுவனத்துக்காக டெரன்ஸ் ஃபிஷர் இயக்கி, கிறிஸ்டோஃபர் லீ நடித்த 'டிராகுலா'வில் பிரிட்டிஷ் தணிக்கை சில காட்சிகளைக் குறைத்தது. குறைக்காத காட்சிகள் டோக்கியோவில் இருந்த ஒரு பிரதியில் மிஞ்சின. 1984-இல் அந்தக் காப்பகத்தில் தீப்பிடித்து அந்தப் பிரதியின் முன்பகுதி ரீல்கள் போயின. கடைசி ரீல்கள் வெப்பத்தில் காயம்பட்டும் பிழைத்தன. அவற்றிலிருந்து சில கணங்களை மீட்டு 2013-இல் வட்டு வெளிவந்தது. அந்தப் பதிப்பின் நிறம் அளவுக்கு மீறி நீலமாக இருக்கிறது என்று ரசிகர்கள் சண்டையிட்டார்கள். அந்தச் சண்டை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு பேய்ப் படத்தின் நீலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று வாதாட ஒரு சமூகம் இருந்தால்தான், அதை ஒழுங்காகச் செய்ய வேண்டிய நெருக்கடி வெளியிடுபவருக்கு வரும்.

நம் துணைக்கண்டத்திலும் இந்த வகைப் படங்கள் உண்டு. 1967-இல் லாகூரில் குவாஜா சர்ஃபராஸ் இயக்கிய 'ஜிந்தா லாஷ்' டிராகுலா கதையின் உருதுப் படம். 'குணா'வுக்கு ஓராண்டு முன், 1990-இல், ராம்சே சகோதரர்கள் எடுத்த 'பந்த் தர்வாஸா' இந்தியில் வந்த ரத்தக் காட்டேரிப் படம். இரண்டையும் 2000-க்குப் பிறகு நல்ல டிவிடியாக வெளியிட்டது திகில் படங்களை வெளியிடும் ஒரு சிறு பிரிட்டிஷ் நிறுவனம். காட்டேரிக்குக் கோயில் எடுத்துக் கும்பிடும் தமிழ்நாட்டில் அந்த வரிசையில் வைக்கத்தக்க ஒரு பழைய படம் என் கண்ணில் படவில்லை. நம் பேய்ப் படங்கள் பாம்பு, மந்திரவாதி, பழிவாங்கும் ஆவி என்று வேறு வழியில் போயின. ஆனாலும் திகில் படங்களின் அருமையை வெளியே இருப்பவர்தான் முதலில் உணர்கிறார் என்பது நமக்கும் பொருந்தும். கொடைக்கானல் விஷயத்தில் அந்த வெளியாள் கொச்சியிலிருந்து வந்தார்.

2006-இல் கொச்சிக்கு அருகேயுள்ள மஞ்ஞும்மலிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் அந்தக் குகைப் பள்ளத்தில் விழுந்தார். இன்னொரு நண்பரே கயிற்றில் இறங்கி மீட்டார். இதை வைத்து சிதம்பரம் இயக்கிய 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' 2024 பிப்ரவரியில் வந்து தமிழ்நாட்டிலும் பெரும் ஓட்டம் ஓடியது. 'குணா'வின் 'கண்மணி அன்போடு காதலன்' பாட்டு அந்தப் படத்தில் ஒலித்த இடத்தில் திரையரங்குகள் அதிர்ந்தன. வெளியான நாளில் 'தளபதி'யோடு போட்டியிட்டு எதிர்பார்த்த வசூலைத் தொடாத 'குணா'வை முப்பத்து மூன்று ஆண்டு கழித்து மீண்டும் திரையிட வேண்டுமென்ற ஆர்வம் எழுந்தது. வேலை நடந்தது, வெளியீட்டு அறிவிப்பும் வந்தது. 2024 ஜூலையில், படத்தின் பதிப்புரிமை தமக்கே உரியது என்று ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாட, இடைக்காலத் தடை விழுந்தது. தடை நீங்கிப் படம் திரைக்கு வந்தபோது நவம்பர் முடிந்துகொண்டிருந்தது. ஊரே பேசிய மாதங்கள் போய்விட்டிருந்தன. பெர்லின், திருவனந்தபுரம், சென்னை: மூன்று இடத்திலும் படத்தின் விதி நீதிமன்றத்தில் நின்றது. சென்னை வழக்கில் நாவலாசிரியரின் குடும்பமோ பதிப்பகமோ இல்லை. படத்தின் சொந்த உரிமைப் பத்திரங்களே ஒன்றோடொன்று மோதின. நம் தொழிலின் அந்தச் சிதறல் இப்படித்தான் வெளியே தெரியவருகிறது.

அப்படியானால் உரிமை என்பதே தடையா, எல்லாவற்றையும் பொதுவுக்குத் திறந்துவிட்டால் சரியாகிவிடுமா? 'நோஸ்ஃபெராட்டு' பிழைத்ததே சட்டத்தை மதிக்காத பிரதிகளால்தான் என்று திருட்டுப் பிரதிகளுக்கு வாதாடுபவர்கள் சொல்வார்கள். நான் இதை ஏற்கவில்லை. இந்தியாவில் திரைப்படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். 1960-களின் தொடக்கம் வரை வந்த தமிழ்ப் படங்கள் ஏற்கெனவே பொதுவுடைமை. அவற்றை யாரும் மீட்கலாம். சட்டம் கையைப் பிடிக்காது. மீட்டவர்கள் எத்தனை பேர்? உரிமை காலாவதியாகும்போது நெகட்டிவும் காலாவதியாகியிருந்தால் அந்தச் சுதந்திரத்தால் ஒரு பயனும் இல்லை. உரிமையாளர் இருந்து, லாபம் தெரிந்தால் நல்ல வேலை நடக்கும் என்பதற்கு 2012-இல் வந்த 'கர்ணன்' சான்று. 1964-ஆம் ஆண்டுப் படத்தை எண்முறையில் மீட்டு, ஒலியை இன்றைய அரங்குக்கு ஏற்ப மாற்றி வெளியிட்டார்கள்; நூறு நாளைத் தாண்டி ஓடியது. அந்த வெற்றியை மதிக்கிறேன். ஆனால் அந்த வழி சிவாஜிக்கும் எம்.ஜி.ஆருக்கும் ரஜினிக்கும் திறக்கும். தோற்ற படத்துக்கும் சிறிய படத்துக்கும் பேய்ப் படத்துக்கும் திறக்காது. 'நோஸ்ஃபெராட்டு' தரும் பாடம் திருட்டைப் பற்றியது இல்லை. பல ஊர்களில், ஒருவரையொருவர் சாராத பல கைகளில் பிரதி இருந்தது. ஒரு தீர்ப்பாலோ ஒரு தீயாலோ எல்லாவற்றையும் எட்ட முடியவில்லை.

இந்த ஏற்பாட்டைச் சட்டப்படியே செய்ய முடியும், நூல்களுக்கு நாம் செய்தும் இருக்கிறோம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் சென்னை கன்னிமாரா நூலகம் உட்படக் குறிப்பிட்ட நூலகங்களுக்குப் போக வேண்டும். பதிப்பகம் மூடினாலும், வாரிசுகள் சண்டையிட்டாலும், நூல் அங்கே இருக்கும். அதனால் எந்த எழுத்தாளரும் தன் உரிமையை இழக்கவில்லை. திரைப்படத்தின் மூல நெகட்டிவையோ, எண்முறைப் படமென்றால் அதன் மூலக் கோப்பையோ இப்படிப் பொதுக் காப்பகத்தில் வைக்கச் சொல்லும் கடமை இல்லை. புனேயின் தேசியக் காப்பகம் 1964 முதல் அரும்பணி செய்கிறது. தேசியத் திரைப்பட மரபு இயக்கத்தின் கீழ் 2022-இல் ஏறத்தாழ 2,200 படங்களை மீட்க 363 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் யாரும் கொண்டுவந்து தராத நெகட்டிவைப் புனேயால் மீட்க முடியாது. ஆண்டுக்கு நூற்றுக்கும் மேல் படம் எடுக்கும், படத்தொழிலிலிருந்து முதலமைச்சர்களைப் பெற்ற ஒரு மாநிலம் தனக்கென ஒரு குளிர்சாதனக் காப்பறை வைத்துக்கொள்ளாதது எனக்கு ஆற்றாமை தரும் விஷயம். மானியம் வாங்கும் படத்துக்கு நெகட்டிவோ மூலக் கோப்போ ஒப்படைக்க வேண்டுமென்று ஒரு நிபந்தனை வைத்தாலே பாதி வேலை தொடங்கிவிடும்.

'குணா'வின் பதிப்புரிமை 2051 முடியும் வரை இருக்கிறது. அதற்குள் உரிமைத் தகராறுகள் எத்தனை முறை வந்தாலும், நீதிமன்றங்கள் தீர்த்துக்கொள்ளும். தீர்க்க முடியாதது வேறொன்று. எண்முறையில் மீட்பவர் திரையின் முன் உட்கார்ந்து ஒவ்வொரு காட்சிக்கும் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் முடிவெடுக்கிறார். குகைக் காட்சியில் ஒரு சிறு திருகு போதும், எல்லாம் பளிச்சென்று தெரிந்து இருளே இல்லாமல் போய்விடும். இன்றைய தொலைக்காட்சிகளுக்கு அப்படித்தான் செய்யத் தோன்றும். ஹாமர் படத்தின் நீலத்தைப் பற்றிச் சண்டை வந்தபோது, அது எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல அதன் ஒளிப்பதிவாளர் உயிரோடில்லை. வேணு இருக்கிறார், சந்தானபாரதி இருக்கிறார். அந்தப் பாறைகளுக்கு நடுவே எந்த விளக்கு எங்கே நின்றது, எந்த மூலை கண்ணுக்குப் புலப்படக் கூடாது என்று முடிவு செய்தார்கள் என்பதை இப்போதே உட்காரவைத்துக் கேட்டு, காட்சிவாரியாகப் பதிவு செய்து நெகட்டிவோடு சேர்த்து வைக்கலாம்.